கார் கீறல்: நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்

கேள்வி: குலதெய்வம் கோயிலுக்குப் போகிற மண் ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. முள் உரசி, என் கறுப்புக் காரின் கதவுகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்துவிட்டது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார்களே, செய்யலாமா? – ராமநாதபுரம் வாசகர்

டூத்பேஸ்ட்டை எடுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கோட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் கீறல் மேல் பூச்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்து விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுங்கள், நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் கவலையே வேண்டாம், நீங்களே சரி செய்துவிடலாம். முள் கீறல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கறுப்புக் காரில் அவை பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதால் பெயிண்டே போய்விட்டது என்று பயந்துவிடுகிறோம்.

காரின் தகரத்துக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான், அதாவது இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்த கனம்தான். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவுக்கு இருக்கும். கீறலைத் தேய்த்து எடுப்பது என்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவிச் சமமாக்குவது, வேறொன்றும் இல்லை. எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு குறையும், குறைந்தது திரும்ப வராது.

டூத்பேஸ்ட்டும் சீவுகிற சரக்குதான், ஆனால் பல்லுக்குச் செய்தது. லேசான மங்கலைக் குறைக்கும், கோட்டை எடுக்காது, கைப்பிடி இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கிற நைஸ் ரப்பிங் காம்பவுண்ட் வாங்குங்கள். முதலில் ஒரு மண் துகள்கூட இல்லாமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அந்த மண்ணையே போட்டு நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். நிழலில் நிறுத்தி, ஒரு அடிக்கு ஒரு அடி இடமாக எடுத்து, மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு தொட்டு, அழுத்தாமல் தேய்த்து, துடைத்துப் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு முறை. கடைசியில் பாலிஷ், வாக்ஸ். கதவின் மடிப்பு வரும் விளிம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே பெயிண்ட் மெல்லிசு. என் முதல் காரில் அந்த விளிம்பில் ஆசையாகத் தேய்த்துக் கலர் வரைக்கும் போய், கடைசியில் கதவு முழுக்க அடிக்க வேண்டியதாயிற்று.

தகரம் தெரியாதவரை, நகம் தட்டுகிற ஓரிரு கோடுகள் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். கம்பெனியில் சூடேற்றிப் பதமாக்கிய ஒரிஜினல் பெயிண்ட் அது, ஒரு மெல்லிய கோட்டுக்காக அதை இழக்காதீர்கள்.

கேள்வி: பைபாஸில் முன்னால் போன லாரியிலிருந்து கல் தெறித்து, பானட்டில் மிளகு அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. இவ்வளவு சின்னதை அப்படியே விடலாமா? – தூத்துக்குடி வாசகர்

விடாதீர்கள், அதுவும் உங்கள் ஊரில். அரை அடி நீளக் கிளியர் கோட் கீறலை வருடக்கணக்கில் விடலாம், தகரம் தெரிகிற மிளகளவுப் புள்ளியை விடக் கூடாது. உப்புக் காற்று பட்டால் சீக்கிரமே பழுப்பேறும், அதற்கப்புறம் துரு பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே சின்னதாக ஒரு கொப்புளம்தான் தெரியும், நகத்தால் பெயர்த்தால் காலணா அளவுக்குக் கையோடு வரும்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பானட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலோ கலரின் குறியீட்டு எண் இருக்கும் (காருக்குக் கார் இடம் மாறும், கிடைக்காவிட்டால் ஷோரூமில் கேளுங்கள்). அதே எண் உள்ள டச்சப் பெயிண்ட் வாங்குங்கள். "வெள்ளைதானே" என்று ஏதோ ஒரு வெள்ளையைப் பூசினால் தேமல் மாதிரி தெரியும். பழுப்பு ஏறியிருந்தால் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) ஒரு பென்சில் முனையில் சுற்றிப் புள்ளியை மட்டும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பாட்டிலோடு வரும் பிரஷ்ஷை நம்ப வேண்டாம், அது இந்த வேலைக்கு ரொம்பத் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்துக்குள் விட்டால் அதுவே பரவிக்கொள்ளும். முதலில் பிரைமர், காய்ந்ததும் கலர் இரண்டு மூன்று முறை மெல்லிசாக, கடைசியில் கிளியர். அவசரப்பட்டு ஒரே சொட்டாக விட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். மேடு தட்டினால் ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகச் சமப்படுத்தலாம். பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும்தான், துரு பிடிக்காது.

கேள்வி: பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். சில்வர் கலர் கார், பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரைமர் தெரிகிறது. கதவு முழுக்க அடிக்க வேண்டும், 6,000 ரூபாய் என்கிறார் டிங்கர் கடைக்காரர். ஏமாற்றுகிறாரா? இன்ஷூரன்ஸில் போடலாமா? – சென்னை வாசகி

ஏமாற்றவில்லை. சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள் எந்தக் கோணத்தில் படிகிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறும், ஒரு சாணுக்கு மட்டும் அடித்தால் ஒட்டுப்போட்டது போல் நிற்கும். நல்ல பெயிண்டர் பட்டி பார்த்த இடத்தில் கலரை அடித்து, ஓரங்களில் மெல்ல மங்க வைத்து, கிளியரைக் கதவு முழுக்க அடிப்பார். கைப்பிடியையும் ரப்பர் பீடிங்கையும் கழற்றி அடிப்பீர்களா, வெறும் டேப் ஒட்டியா என்று மட்டும் கேளுங்கள். டெலிவரியைக் காலை வெயிலில் எடுங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாச் சில்வரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு வருடம் கிளெய்ம் இல்லை என்றால் உங்களுக்குப் பிரீமியத்தில் 45 சதவீதம் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்), அடுத்த வருடம் 50. சொந்த சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம், 5,000 போச்சு. அதற்கடுத்த வருடம் 50-க்குப் பதில் 20 சதவீதம், இன்னொரு 3,000. 1,500 சிசிக்குள் உள்ள காருக்கு, கிளெய்மில் கம்பெனி கட்டாயம் பிடித்துக்கொள்கிற 1,000 ரூபாயும் உங்கள் தலையில். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் வேறு விஷயம், இல்லாவிட்டால் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பம்பரில் பக்கத்து காரின் சிவப்பு ஒட்டியிருக்கிறது. பெயிண்ட் அடிக்கணுமா? – திருப்பூர் வாசகர்

அது கீறலே இல்லை, அவர் பெயிண்ட் உங்கள் மேல் ஏறியிருக்கிறது. ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும், தின்னர் மட்டும் வேண்டாம், உங்கள் பெயிண்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். அடியில் கீறல் இருந்தாலும் பம்பர் பிளாஸ்டிக்தான், துருப் பிடிக்காது, கையில் காசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.