விற்கப்பட மறுத்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிவந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. என் மகனால்தான் எனக்கு பேஸ்பால் பழக்கமானது. பையன் இந்த ஊர் அணியான ஃபில்லீஸ்மேல் பைத்தியம். ஆட்டமில்லாத நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடக்கும் வாதங்களும் அந்த ஆட்டத்தில் சேர்ந்தவைதான் என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்காலம் முழுக்க இங்கே பணப்பேச்சுதான். ஓட்டானிக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தருவது 70 கோடி டாலர், சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் தருவது 76.5 கோடி. டாட்ஜர்ஸ் வேண்டியவர்களையெல்லாம் வாங்கிப்போட்டு 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி எல்லா அணிக்கும் ஒரே தொகை என்று வைத்தால் என்ன கெட்டுவிடும்? ஜனவரி வந்தால், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் யாரைச் சேர்ப்பது என்ற சண்டை வேறு. செத்துப்போனவருக்குக் கௌரவம் கொடுத்து யாருக்கு என்ன?

“ஒரு ஆளுக்கு எதுக்குப்பா இவ்வளவு பணம்?” என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் மகனுக்கான பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1969 அக்டோபரில் ஃபில்லீஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஆட்களை மாற்றிக்கொண்டன. ட்ரேட் என்பார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு வர வேண்டியவர்களில் முக்கியமானவர் கர்ட் ஃப்ளட். அங்கிருந்து போக வேண்டியவர்களில் முக்கியமானவர் டிக் ஆலன். ஒருவர் வரமாட்டேன் என்றார். மற்றவர் எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்கும் பணம், கௌரவம் இரண்டும் அந்த ஒரு ட்ரேடில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

ஃப்ளட் சென்டர் ஃபீல்டில் நின்றவர். சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருதை ஏழு முறை வாங்கியவர். கார்டினல்ஸுக்குப் பன்னிரண்டு வருடம் ஆடி 1964, 1967 கோப்பைகளை வென்ற அணியில் இருந்தவர். அன்று விடிவதற்குள் அவர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. உங்களை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு குரல். பேசியது முதலாளி அல்ல, அலுவலகத்தில் இரண்டாம் மட்டத்தில் இருந்த ஒருவர். பன்னிரண்டு வருடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

அன்றைக்கு ஒப்பந்தத்தில் ரிசர்வ் க்ளாஸ் என்று ஒரு விதி இருந்தது. எழுத்தில் பார்த்தால் ஒரு வருட ஒப்பந்தம். ஆனால் அதை அணி தன் இஷ்டத்துக்குப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அணி சொல்கிற சம்பளத்துக்கு ஆட வேண்டும், அனுப்புகிற ஊருக்குப் போக வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டியதுதான். ஃப்ளட்டின் சம்பளம் 90,000 டாலர். அந்தக் காலத்தில் பெரிய தொகை; ஃபில்லீஸ் அதற்கு மேலேயே தரத் தயாராக இருந்தார்கள். அதனால்தான் அவர் செய்ததை நான் இவ்வளவு மதிக்கிறேன். அவருக்குப் பணம் குறையவில்லை. டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பேஸ்பால் லீகை நிர்வகிக்கும் கமிஷனர் பொவி கூனுக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருடம் ஆடிய பிறகு, என் விருப்பம் என்னவென்று கேட்காமல் வாங்கி விற்கப்படும் சொத்தாக என்னை நான் நினைக்கவில்லை என்பது அதன் சாரம். இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் அடிமை என்று சொல்லலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார்.

கமிஷனரை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு நியூயார்க்கில் நடந்தபோது, பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட அந்த நீதிமன்றத்தில் வந்து உட்காரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கிறது. 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5–3 என்று தோற்றார். அதற்கு முந்தைய வருடமே வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, முடியாமல் நாட்டை விட்டே போயிருந்தார். ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. மார்வின் மில்லர் தலைமையிலான வீரர் சங்கம் விடாமல் போராடியது. 1975 டிசம்பர் 23 அன்று, மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில், ரிசர்வ் க்ளாஸ் ஒரு வருடத்தோடு முடிகிறது என்று சம்பளத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணிக்குப் போகக்கூடிய வீரரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது அன்றுதான். ஓட்டானியின் 70 கோடி அங்கிருந்து வருகிறது.

அந்தப் பணம் வீரருக்குப் போகாவிட்டால் உங்கள் டிக்கெட் விலை குறைந்துவிடாது. முதலாளியிடமே தங்கிவிடும். அதுவும் நடந்து பார்த்த கதைதான். 1985-லிருந்து மூன்று குளிர்காலம், மற்ற அணியின் ஃப்ரீ ஏஜென்டுகளைத் தொடுவதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். ஆண்ட்ரே டாசன் என்ன செய்தார் தெரியுமா? 1987 மார்ச்சில் சிகாகோ கப்ஸ் அணியிடம் தொகை நிரப்பாத ஒப்பந்தத்தைக் கொடுத்து, நீங்களே எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் ஐந்து லட்சம் டாலர் போட்டார்கள். அந்த சீசனில் அவர் 49 ஹோம் ரன் அடித்து லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை வாங்கினார். பின்னால் கூட்டுச்சதி நிரூபணமாகி 28 கோடி டாலர் வீரர்களுக்குத் திருப்பித்தர வேண்டியிருந்தது.

டாட்ஜர்ஸ் விஷயத்தில் உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2025-இல் லீக் ஆட்டங்களில் 97 வெற்றியோடு முதலிடத்தில் நின்றது மில்வாக்கி. பெரிய பணமில்லாத ஊர். அவர்களை டாட்ஜர்ஸ் நான்குக்கு நான்கு ஆட்டத்திலும் வீழ்த்தினார்கள். கடைசி ஆட்டத்தில் ஓட்டானி ஒருவரே பந்துவீசி பத்துப் பேரை வெளியேற்றி, மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். மில்வாக்கி ரசிகர் ஒருவர் அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போயிருந்தால் குறை சொல்லமாட்டேன். ஓட்டானியின் ஒப்பந்தத்தில் 68 கோடியை 2034-லிருந்துதான் தருகிறார்கள். இப்போது கையில் வருடத்துக்கு 20 லட்சம் மட்டும். சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணி லீகுக்குக் கட்டும் வரியின் கணக்கில் அவர் பெயரில் ஏறுவது வருடத்துக்குச் சுமார் 4.6 கோடி. இந்த ஒத்திவைப்புக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் பணத்தால் மட்டும் கோப்பை வருவதில்லை. 2023-இல் அதுவரை யாரும் கொட்டாத சம்பளத்தைக் கொட்டிய மெட்ஸ் 75 ஆட்டம் வென்று 87 தோற்றார்கள். சோட்டோ வந்த 2025-இலும் கடைசி நாளில் தோற்று வெளியே போனார்கள். டாட்ஜர்ஸ் செலவழிப்பதைவிட எனக்குக் கோபம் தருவது செலவழிக்காதவர்கள். பிட்ஸ்பர்க்கைப் பாருங்கள். பால் ஸ்கீன்ஸ் 2025-இல் லீகின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார். அந்த வருடம் அவர் சம்பளம் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. ஆறு வருடம் ஆடி முடிக்கும்வரை ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியாது என்பது விதி. அப்படி ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற அணிகளிடமிருந்து வருமானப் பங்கும் வாங்கிக்கொண்டு, அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டாமல் இருப்பது அந்த ஊருக்குச் செய்கிற துரோகம். அணியின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற வரம்புதான் முதலில் வர வேண்டும்.

ஐபிஎல் உதாரணம் சொன்னீர்கள். 2024 நவம்பர் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏலச் சுத்தியல் விழுந்ததும் எந்த ஊருக்கு ஆட வேண்டும் என்று அந்த வீரரை யாரும் கேட்பதில்லை. ஃப்ளட் எதிர்த்தது அதைத்தான். அமெரிக்காவில் 1994-இல் முதலாளிகள் உச்சவரம்பு கேட்டபோது வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த வருடம் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரே நடக்கவில்லை. இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதே பேச்சு மறுபடி வரும்.

இனி கௌரவம். நான் ஓர் அக்டோபரில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் போயிருந்தேன். ஏரிக்கரையில் சின்ன ஊர். வெண்கலப் பலகைகள் வரிசையாக இருக்கும் அந்த மண்டபத்தில் ஃப்ளட்டைத் தேடினேன். இல்லை. மில்லர் இருக்கிறார், அவரையும் இறந்து ஏழு வருடம் கழித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

டேவ் பார்க்கரைப் பற்றி உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். 1979-இல் ஐந்து வருடத்துக்கு ஐம்பது லட்சம் டாலர் என்று பிட்ஸ்பர்க் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணத்தைப் பொறுக்காமல், ரைட் ஃபீல்டில் நின்றவர்மீது சொந்த ஊர் ரசிகர்களே பேட்டரி செல்லை எறிந்தார்கள். ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பணம் என்ற அதே கேள்வி, அவரை நோக்கி எறியப்பட்டது. பின்னால் போதைப்பொருள் வழக்கில் அவர் பெயரும் வந்தது. அது அவர் தவறு, மறைக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 ஜூன் 28 அன்று இறந்தார். விழா ஜூலை 27.

அதே விழாவில்தான் டிக் ஆலனுக்கும். ஃபிலடெல்ஃபியாவில் அவர்மேல் ரசிகர்கள் எறியாத பொருள் இல்லை. பந்தைத் தடுக்க நிற்கும்போதும் ஹெல்மெட்டோடு நின்றார். 1969-இல் முதல் பேஸ் பக்கத்தில் நின்றுகொண்டு ஷூ முனையால் மண்ணில் எழுத ஆரம்பித்தார். ஒரு நாள் ‘அக்டோபர் 2’ என்று எழுதினார். அந்த சீசன் முடிகிற தேதி. எழுதக் கூடாது என்று கமிஷனர் உத்தரவிட்டபோது, ‘ஏன்’ என்று எழுதினார். அவர் 2014-இல் தேர்வுக் குழுவில் ஒரே ஓட்டில் தோற்றார். அடுத்த கூட்டம் 2020 டிசம்பரில் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போட்டார்கள், அந்த மாதமே அவர் இறந்துவிட்டார். 2021-இல் மறுபடி ஒரு ஓட்டு குறைந்தது. கூப்பர்ஸ்டவுன் மேடையில் அவருக்காகப் பேசியது அவர் மனைவி. செத்தவருக்குக் கௌரவம் கொடுத்து யாருக்கு என்ன என்று கேட்டீர்களே, அந்த அம்மாவிடம் கேட்க முடியாத கேள்வி அது. ஆனால் கேள்விக்குள் இருக்கும் கோபம் சரி. இருக்கும்போது கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் அணி அதைச் செய்தது. ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்களின் சட்டை எண்ணுக்குத்தான் ஓய்வு கொடுப்பது, அதாவது வேறு யாரும் அதை அணியாமல் வைப்பது, ஃபில்லீஸின் வெகுநாள் வழக்கம். அதைத் தள்ளிவைத்து, 2020 செப்டம்பர் 3 அன்று ஆலனின் 15-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மைதானத்துக்குள் ரசிகர்களை விடாத கொரோனா வருடம். ஆலன் நேரில் வந்திருந்தார். இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு. ஏப்ரலில் மகனை ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும்போது அந்த 15-ஐக் காட்டுங்கள். மண்ணில் எழுதியதையும் அந்த ட்ரேடையும் சொல்லுங்கள்.