வாசகர் கேள்விகள்: டாட்-ஃபிராங்க் சட்டமும் ஓயாத கட்சிச் சண்டையும்

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, வங்கிகளைக் கட்டுப்படுத்த 2010இல் அமெரிக்காவில் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தையும், அதை வைத்து இரண்டு கட்சிகளும் இன்றுவரை போடும் சண்டையையும் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரு கட்சி வங்கிகள் பக்கம், மற்றது மக்கள் பக்கம் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. ஆனால் சண்டை நடப்பதெல்லாம் ஒரு வரம்புத் தொகையிலும், ஒரு கண்காணிப்பு அமைப்புக்குச் சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் ஒரு வரியிலும்தான். அதனால் பதில்களில் எண்கள் அதிகம்.

கேள்வி: செனட்டில் எதற்கும் 60 ஓட்டு வேண்டும் என்கிறார்கள். இந்த மசோதா 59-39 என்று நிறைவேறியதாகப் படித்தேன். எப்படி?

அவை இரண்டு வேறு ஓட்டெடுப்புகள். மசோதா நிறைவேறச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்கு முன்னால், 'பேசியது போதும், ஓட்டுக்குப் போகலாம்' என்று விவாதத்தை முடிக்கும் குளோச்சர் தீர்மானத்துக்குத்தான் 60 வேண்டும்.

2010 ஏப்ரல் 26 அன்று விவாதத்தைத் தொடங்கும் முயற்சியே 57-41 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சியின் பென் நெல்சனும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அடுத்த இரண்டு நாளும் அதே முடிவுதான். 28ஆம் தேதி குடியரசுக் கட்சி இறங்கிவந்த பிறகே விவாதம் ஆரம்பித்தது. மே 20 அன்று குளோச்சர் 60-40 என்று தேறியது. அன்றே மசோதா 59-39 என்று நிறைவேறியது.

அதோடு முடியவில்லை. இரு அவைகளின் வடிவங்களையும் ஒன்றாக்கிய பிறகு மறுபடியும் 60 தேவைப்பட்டது. ஜூன் 28 அன்று செனட்டர் ராபர்ட் பேர்ட் இறந்ததால் ஜனநாயகக் கட்சிக்கு ஓர் ஓட்டு போயிற்று. சட்டம் போதுமான அளவு கடுமையாக இல்லை என்று அதே கட்சியின் ரஸ் ஃபைங்கோல்ட் கடைசிவரை எதிர்த்தார். ஆக, மாசசூசெட்ஸின் குடியரசுக் கட்சி செனட்டர் ஸ்காட் பிரௌன் இல்லாமல் கணக்கு நேராகாது. சட்டத்தின் செலவுக்காகப் பெரிய வங்கிகளிடமும், பெரும்பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டுகளிடமும் 1,900 கோடி டாலர் வசூலிக்கும் பிரிவு மசோதாவில் இருந்தது. அதை எடுத்தால்தான் ஓட்டு என்றார் அவர். கூட்டுக் குழுவை மறுபடி கூட்டி எடுத்தார்கள். 2008 நெருக்கடியில் வங்கிகளுக்கு உதவ வைத்த மீட்பு நிதித் திட்டத்தை முன்கூட்டியே மூடியும், டெபாசிட் காப்பீட்டுக்கு வங்கிகள் கட்டும் பிரீமியத்தை உயர்த்தியும் அந்தத் தொகையை ஈடுகட்டினார்கள். ஜூலை 15 அன்று குளோச்சர் 60-38, இறுதி ஓட்டு 60-39. ஜூலை 21 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்டார்.

கேள்வி: 'வங்கிகளை மக்கள் வரிப்பணத்தில் காப்பாற்றுவதை இந்தச் சட்டம் நிரந்தரமாக்குகிறது' என்று குடியரசுக் கட்சி சொன்னதில் உண்மை உண்டா?

அந்தக் குற்றச்சாட்டு பாய்ந்தது ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டின் மேல். பெரிய நிதி நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் போட்டு 5,000 கோடி டாலர் நிதி ஒன்றைச் சேர்த்து வைக்க வேண்டும். அவற்றில் ஒன்று சாய்ந்தால் அதை மூடும் செலவு அந்த நிதியிலிருந்து போகும். செனட் மசோதாவில் அப்படித்தான் இருந்தது. 'உண்டியல் தயாராக இருந்தால் உதவியும் தயாராக இருக்கும் என்று சந்தை நினைக்கும்' என்பது எதிர்த்தவர்களின் வாதம். மே 5 அன்று டாட்-ஷெல்பி திருத்தம் 93-5 என்று நிறைவேறி அந்த நிதி நீக்கப்பட்டது.

இன்று சட்டத்தின் இரண்டாம் பாகத்தில் இருப்பது இதுதான். ஒரு நிறுவனம் விழுந்தால் நாடே ஆடும் என்ற நிலை வந்தால், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வாரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு, டெபாசிட் காப்பீட்டு அமைப்பான எஃப்.டி.ஐ.சி. வாரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பரிந்துரைக்க வேண்டும். பிறகு அதிபரைக் கலந்து நிதியமைச்சர் முடிவெடுப்பார். எஃப்.டி.ஐ.சி. நிறுவனத்தைக் கையிலெடுத்துக் கலைக்கும். முதல் 30 நாளில் அந்த நிறுவனத்தின் மொத்தச் சொத்தில் 10 சதவீதம் வரை கஜானாவிலிருந்து கடன் வாங்கலாம். அதற்குப் பிறகு, திருப்பிக் கட்டக் கையில் இருக்கும் சொத்தின் நியாய மதிப்பில் 90 சதவீதம் வரை. சொத்தை விற்றும் கடன் அடையாவிட்டால் பெரிய நிறுவனங்களிடம் பிறகு வசூலிக்க வேண்டும். வரிசெலுத்துவோர் நஷ்டம் ஏற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

முன்பணம் கட்ட வேண்டியது வங்கிகள்தான், பொதுமக்கள் அல்ல. அதை நீக்கியதால் நெருக்கடி நாளில் முதலில் திறப்பது கஜானா என்றாகிவிட்டது. வரிப்பணத்தைக் காப்பதாகச் சொல்லி எடுத்த முடிவு நேர் எதிர்த் திசையில் போனது. இது ஒரு தவறான விட்டுக்கொடுப்பு என்றே நினைக்கிறோம். இந்த இரண்டாம் பாகம் இதுவரை ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

இதே சட்டம் வேறொரு கதவைச் சாத்தியதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 2008 செப்டம்பரில் ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது. அப்படி ஒற்றை நிறுவனத்துக்கு அவசரக் கடன் கொடுக்க இப்போது வழியில்லை. பல நிறுவனங்களுக்கும் பொதுவான திட்டமாக இருக்க வேண்டும், நிதியமைச்சரின் ஒப்புதலும் வேண்டும்.

கேள்வி: கிளாஸ்-ஸ்டீகால் சட்டத்தை ரத்து செய்தது எந்தக் கட்சி?

இரண்டும். வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரித்த 1933 சட்டத்தின் முக்கியத் தடைகளை 1999இல் நீக்கினார்கள். இறுதி வடிவத்துக்கு செனட்டில் 90-8, பிரதிநிதிகள் சபையில் 362-57. கையெழுத்திட்டவர் கிளின்டன். 2016 தேர்தலில் இரண்டு கட்சிகளின் கொள்கை அறிக்கையிலும் அதைத் திரும்பக் கொண்டுவருவதாக எழுதியிருந்தது. யாரும் கொண்டுவரவில்லை.

கேள்வி: நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் என்றாலே ஏன் இவ்வளவு ஆவேசம்? அது ஒரு புகார் அலுவலகம்தானே?

டாட்-ஃபிராங்க் சட்டம் உருவாக்கிய அமைப்பு அது. புகார் வாங்குவது அதன் ஒரு வேலை. விதி எழுதும், வங்கிக்குள் போய்ச் சோதிக்கும், வழக்குப் போடும். ஆனால் சண்டையின் வேர் வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று, தலைமை. குழுவாக இல்லாமல் ஒரே இயக்குநர், ஐந்தாண்டுப் பதவி, தகுந்த காரணம் இல்லாமல் அதிபர்கூட நீக்க முடியாது என்று முதலில் எழுதியிருந்தார்கள். 2011 மே மாதம் 44 குடியரசுக் கட்சி செனட்டர்கள், 'அமைப்பை மாற்றாதவரை எவரையும் ஏற்க மாட்டோம்' என்று கடிதம் கொடுத்தார்கள். இயக்குநர் பதவிக்கு ஒபாமா முன்மொழிந்த ரிச்சர்ட் கோர்ட்ரேயின் பெயர் நின்றுபோனது. 2012 ஜனவரியில் ஒபாமா அவரை இடைக்கால நியமனமாக வைத்தார். 2013 ஜூலையில்தான் 66-34 என்று செனட் ஒப்புதல் கிடைத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று, அதிபர் விரும்பினால் நீக்கலாம் என்றது. அன்று முதல் வெள்ளை மாளிகை மாறினால் இயக்குநரும் மாறுகிறார்.

இன்னொன்று, பணம். ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கையேந்த வேண்டாம் என்று, ஃபெடரல் ரிசர்விடமிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். உச்சவரம்பு, ஃபெடின் 2009 செயல்பாட்டுச் செலவில் 12 சதவீதம், விலைவாசிக்கேற்ப உயர்த்தியது. இது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று கடன் நிறுவனங்களின் சங்கம் போட்ட வழக்கை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தள்ளியது. நீதிமன்றத்தில் தோற்ற சண்டை காங்கிரஸில் ஜெயித்தது: 2025 ஜூலையில் வந்த பெரிய வரி-செலவுச் சட்டம் 12ஐ 6.5 ஆக்கியது. அமைப்பை ஒழிக்க 60 ஓட்டு வேண்டும். வரவுசெலவு வழிமுறையில் சேர்த்துவிட்டால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த ஓட்டைக்குள் நுழைந்ததுதான் இந்த வெட்டு.

கேள்வி: 2023இல் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததற்கு 2018இல் விதிகளைத் தளர்த்தியதுதான் காரணமா?

ஓரளவு. ஆனால் அதை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

2018 மே சட்டம், கடுமையான கண்காணிப்புக்கான சொத்து வரம்பை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடிக்கு ஏற்றியது. செனட்டில் 67-31. ஜனநாயகக் கட்சி அணியிலிருந்தே 17 பேர் ஆதரித்தார்கள். கிராமப்புற வங்கிகளுக்குச் சுமை குறைப்பதாகச் சொன்னார்கள். ஆனால் 20,000 கோடி டாலர் வங்கி கிராமத்து வங்கி அல்லவே! 10,000 கோடிக்கும் 25,000 கோடிக்கும் இடைப்பட்ட வங்கிகள் மேல் என்ன விதி வைப்பது என்பதை அந்தச் சட்டம் ஃபெடின் விருப்பத்துக்கு விட்டது. 2019இல் ஃபெட் அங்கேயும் தளர்த்தியது.

2022 முடிவில் அந்த வங்கியின் சொத்து சுமார் 20,900 கோடி டாலர். வட்டி குறைவாக இருந்தபோது வாங்கிய நீண்டகாலக் கடன் பத்திரங்கள் கைநிறைய. வட்டி ஏறியதும் பத்திர விலை இறங்கியது. முதிர்வுவரை வைத்திருப்பதாகக் கணக்கு எழுதிய பத்திரங்களில் மட்டும் சுமார் 1,500 கோடி நஷ்டம் ஒளிந்திருந்தது. வங்கியின் பங்கு மூலதனமே சுமார் 1,600 கோடிதான். டெபாசிட்டிலோ 90 சதவீதத்துக்கு மேல் 2,50,000 டாலர் காப்பீட்டு வரம்பைத் தாண்டியவை. 2023 மார்ச் 8 அன்று, 2,100 கோடி டாலர் பத்திரத்தை விற்றதில் 180 கோடி நஷ்டம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி வெளியே போனது. அதற்கடுத்த நாளுக்கு 10,000 கோடி கேட்டு வரிசை நின்றது. 10ஆம் தேதி காலை கதவை மூடினார்கள்.

பழைய விதி இருந்திருந்தால்? உடனே பணமாக்கக்கூடிய சொத்துக் கையிருப்பில் அந்த வங்கிக்கு 2022 டிசம்பரிலேயே 9 சதவீதம் குறை தெரிந்திருக்கும் என்று ஃபெடின் சொந்த அறிக்கை கணக்கிட்டது. அதே அறிக்கை, மூடும்போது 31 கண்காணிப்புக் குறைபாடுகள் தீர்க்கப்படாமல் கிடந்ததையும் சொல்கிறது. குறையைக் கண்டுபிடித்தார்கள், எழுதினார்கள், கையைப் பிடித்து நிறுத்தவில்லை. முதல் குற்றவாளி வட்டி அபாயத்தைப் பார்க்காத நிர்வாகம், அடுத்து அதட்டாத கண்காணிப்பாளர், அதற்கும் அடுத்ததுதான் 2018. எங்கள் வரிசை இது.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து): ஓவர்டிராஃப்ட் கட்டணம் 5 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி வந்ததே. என் வங்கி 35 எடுத்திருக்கிறது.

ஓவர்டிராஃப்ட் என்பது கணக்கில் இருப்பதைத் தாண்டிப் பணம் போவது. அந்த விதியைப் பணியகம் 2024 டிசம்பரில் இறுதியாக்கியது, 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளுக்கு. நடைமுறைக்கு வருமுன்பே, 2025 மே மாதம் காங்கிரஸின் விதி மறுஆய்வுச் சட்டத்தின்கீழ் ரத்தானது. இந்த வழிக்கு 60 ஓட்டு வேண்டாம். செனட்டில் 52-48 போதுமாயிற்று. இப்படி ரத்தான விதியைப் போன்ற இன்னொன்றை, புதுச் சட்டம் வராமல், எந்த இயக்குநரும் மறுபடி கொண்டுவர முடியாது.

இப்போது செய்யக்கூடியது: ஏ.டி.எம்.மிலும், ஒருமுறை டெபிட் கார்டு தேய்ப்பதிலும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க உங்கள் முன்சம்மதம் கட்டாயம். அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், எழுத்தில் செய்யுங்கள். பிறகு இருப்பு இல்லாவிட்டால் கார்டு மறுக்கப்படும், கட்டணம் விழாது. காசோலைக்கும் மாதாமாதம் தானாகப் போகும் தொகைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

சம்மதம் கொடுக்காமலே எடுத்திருந்தால் முதலில் வங்கியிடம் கேளுங்கள். மசியாவிட்டால் பணியகத்தின் இணையதளத்தில் புகார் கொடுங்கள். தேதி, தொகை, எந்தப் பரிவர்த்தனை, உங்களுக்கு என்ன வேண்டும் ('35 டாலரைத் திருப்பித் தர வேண்டும்') என்று நான்கையும் எழுதி, ஸ்டேட்மென்டை இணையுங்கள். நிறுவனங்கள் பொதுவாக 15 நாளுக்குள் பதில் தர வேண்டும், சிக்கலானதற்கு 60 நாள் வரை. முதல் முறையே எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதே விஷயத்துக்கு இரண்டாம் புகார் வழக்கமாக எடுபடாது.

கேள்வி: கட்சி வரம்பைத் தாண்டி ஏதாவது நடந்ததா?

இதே சட்டத்தில் சேர்ந்த டர்பின் திருத்தம். டெபிட் கார்டு தேய்த்தால் கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு வரம்பு. 2010 மே மாதம் 64-33. குடியரசுக் கட்சியினர் 17 பேர் ஆதரவு. அங்கே மோதியது வங்கியும் வியாபாரியும், இரண்டுமே எல்லாத் தொகுதியிலும் உண்டு. ஃபெட் 2011இல் வைத்த வரம்பு 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்புக்கு 1 சென்ட். 40 டாலர் மளிகைக்கு 21 + 2 + 1, ஆக 24 சென்ட். அதற்கு முன் சராசரி 44. இந்த வரம்பைத் தள்ளிப்போட 2011 ஜூனில் வந்த திருத்தத்துக்கு 54 ஓட்டு கிடைத்தும், 60 இல்லாததால் விழுந்தது.

கேள்வி: ஒரு நிதி மசோதாவைக் கட்சி அறிக்கைகளை நம்பாமல் படிப்பது எப்படி?

காங்கிரஸ் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போடுங்கள். அறிமுக வடிவத்தைப் படித்து ஏமாறாதீர்கள்; பல மசோதாக்களில் முழு உரையும் மாற்றுத் திருத்தத்தால் மாறியிருக்கும். கடைசி வடிவத்தை எடுங்கள். முதலில் வரையறைப் பிரிவு, அடுத்து சொத்து வரம்பு, அடுத்து அமலாகும் தேதி. 'விதி எழுதலாம்' என்றிருக்கிறதா, 'எழுத வேண்டும்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நடவடிக்கைப் பட்டியலில் குளோச்சர் ஓட்டையும் திருத்த ஓட்டுகளையும் தேடுங்கள். இறுதி ஓட்டில் ஆதரித்தவர், அதற்கு முன் ஒரு திருத்தத்தில் சட்டத்தின் பல்லைப் பிடுங்க ஓட்டுப் போட்டிருப்பார்.

சட்டமானதும் விட்டுவிடாதீர்கள். வங்கிகள் தம் சொந்தக் கணக்கில் சூதாடுவதைத் தடுக்கும் வோல்க்கர் விதி 2010 சட்டத்தில் வந்தது. ஐந்து அமைப்புகள் சேர்ந்து அதை எழுதி முடித்தது 2013 டிசம்பரில். வரைவு விதி வெளியானதும் பொதுக் கருத்துக்கு பெரும்பாலும் 30 முதல் 60 நாள் தருவார்கள். குடியுரிமை இல்லாதவரும் எழுதலாம். எந்தப் பிரிவு, எந்த வாசகம், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று குறிப்பிட்டால்தான் அதிகாரிகள் பதில் சொல்லும் கட்டாயம் வரும். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.