கேரட்டைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிற ஆமை

கேள்வி: நாங்கள் வளர்ப்பது கிரேக்க ஆமை வகை, நான்கு வயது. தினமும் கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சில நாள் பீட்ரூட் என்று நறுக்கி வைப்போம், ஆசையாகத் தின்னும். இலை வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மாதமாக மலம் இளகிப்போய், புளித்த வாடை வேறு அடிக்கிறது. எல்லாமே காய்கறிதானே, இதில் என்ன கெடுதல்?

பதில்: அந்தப் புளித்த வாடையிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கிரேக்க ஆமை புல்லையும் களைச்செடியையும் மேய்ந்து வாழ்கிற வகை. தின்ற நார்ச்சத்தைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் பல நாள் எடுத்து மெதுவாக நொதிக்க வைத்துத்தான் அதற்குச் சத்தாக்கித் தருகின்றன. அங்கே சர்க்கரை போய்ச் சேர்ந்தால் நொதித்தல் மளமளவென்று நடக்கும், அமிலம் கூடும், நாரைச் செரிக்கிற நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து வாயு உண்டாக்குகிறவை பெருகும், குடலில் ஏற்கெனவே கொஞ்சமாக இருந்த ஒட்டுண்ணிகளுக்கும் அது கொண்டாட்டமாகிவிடும்.

100 கிராம் கேரட்டில் ஏறத்தாழ 5 கிராம் சர்க்கரை, பீட்ரூட்டில் 7 கிராம் வரை. நமக்கு இது பெரிதாகத் தெரியாது. அரைக் கிலோ எடையுள்ள ஆமை தினமும் 20 கிராம் கேரட் தின்றால் ஒரு கிராம் சர்க்கரை உள்ளே போகிறது, அதை அப்படியே எடைக் கணக்கில் பார்த்தால் 60 கிலோ ஆள் ஒருவர் தினமும் 120 கிராம் சர்க்கரை தின்பதற்குச் சமம், அதுவும் ஆமையின் உடல் நம்முடையதைவிட எவ்வளவோ மெதுவாகச் சக்தியைச் செலவழிக்கிற உடல். கால்சியம் கணக்கும் உதைக்கிறது. ஆமையின் உணவில் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்காவது கால்சியம் இருக்க வேண்டும், கேரட்டில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். இதே உணவு வருடக்கணக்கில் தொடர்ந்தால் ஓடும் எலும்பும் வலுவிழக்கும்.

முதலில் புது மலத்தை எடுத்து அன்றைக்கே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஒரு மாதமாக இளகிப் போகிறது என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் உணவை மாற்றுவது. ஒரே நாளில் கேரட்டை நிறுத்தினால் பிடிவாதம் பிடிக்கும். என்னிடம் இருந்த ஆமை தட்டில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால்தான் நகர்ந்தே வரும், பக்கத்தில் இருக்கும் இலையை முன்காலால் மிதித்துக்கொண்டு கேரட்டை மட்டும் கடித்து எடுக்கும், வாயோரமெல்லாம் சாறு வழியும். துண்டாக வைத்தவரை அது பொறுக்கித் தின்றதே தவிர இலையைத் தொடவில்லை. கேரட்டை மிக மெல்லியதாகத் துருவி, நனைந்த இலைத்தூளோடு ஒட்டிக்கொள்ளும்படி பிசைந்து வைத்த பிறகுதான் இரண்டையும் சேர்த்து விழுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரமும் துருவலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, மருந்து தெளிக்காத புல், இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். செம்பருத்திப் பூவின் சிவப்பு அதன் கண்ணை இழுக்கும், அதிலிருந்தே தொடங்கலாம்.

காலையில் வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் உட்கார வைத்து, உடம்பு சூடேறிய பிறகு தட்டை வையுங்கள், குளிர்ந்த உடம்போடு ஆமை சாப்பிடாது. ஆரோக்கியமான பெரிய ஆமை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, மனம் இளகிப் பழையபடி கேரட் துண்டை நீட்டிவிடாதீர்கள். ஆனால் வாரா வாரம் எடை பாருங்கள். எடை இறங்கினாலோ மூக்கில் நீர் வடிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கேரட்டில் வைட்டமின் ஏ இருக்கிறதே, கண்ணுக்கு நல்லதுதானே?

பதில்: கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின், அதிலிருந்துதான் உடல் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. அதே பீட்டா கரோட்டின் கரும்பச்சை இலைகளிலும் தாராளமாக இருக்கிறது, சர்க்கரை மட்டும் மிகக் குறைவு. இதற்காகக் கேரட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நண்பர் வீட்டு ஆமை பழமே தின்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அது செங்கால் ஆமையா என்று கேட்டுப் பாருங்கள். மழைக்காட்டு ஓரங்களில் விழுந்த பழம், காளான் எல்லாம் தின்று பழகிய வகை அது, அதன் குடலுக்குக் கொஞ்சம் பழம் ஒத்துப்போகும். கிரேக்க ஆமை, ஹெர்மன் ஆமை, ரஷ்ய ஆமை, சல்காட்டா இவையெல்லாம் மேய்கிற வகைகள். நலமாக, நன்றாக இலை தின்கிற ஒன்றுக்கு என்றைக்காவது ஒரு சீவல் கேரட் கொடுப்பதில் தவறில்லை. முதல் கடிதத்தில் சொன்ன ஆமைக்கு மட்டும், முழுதாக இலைக்கு மாறிய பிறகு சில மாதங்களுக்கு அந்த ஒரு சீவலும் வேண்டாம்.