பழைய செல் காயமும் புதிய இளைப்பும்: ஒரு மகளின் கேள்விக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். அம்மாவுக்கு 54 வயது. 2009 ஏப்ரலில் சண்டையின்போது புதுமாத்தளனில் செல் (எறிகணை) பட்டு வலது தொடையின் உட்பக்கத்தில் காயம். கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். சின்னத் துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்றார்களாம். இப்போது மூன்று நாலு வருடமாக அந்தக் காலில் மட்டும் நரம்பு புடைத்திருக்கிறது. கணுக்காலடியில் ஒரு புண், ஆறுவதேயில்லை. ஒரு வருடமாக இளைப்பு, மூச்சு வாங்குது, இரவில் மூன்று தலையணை வேணும். முட்டு (ஆஸ்துமா) என்று இன்ஹேலர் தந்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. எக்கோ (இதய ஸ்கான்) எடுத்தபோது 'பம்பிங் நல்லாயிருக்கு' என்றார்கள். படுத்தால் தொடைக்குள்ள தூரத்தில வோட்டர் பம் ஓடுற மாதிரி இருக்கு என்று அம்மா சொல்லுவா. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இளைப்புக்கும் காலுக்கும் தொடர்பு இருக்குமா? துண்டை எடுத்தால் சரிவருமா?

பதில்: தங்கச்சி, பெரிதாக எடுக்கவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த வோட்டர் பம் வசனத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் அம்மா தன் வருத்தத்தைத் தானே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறா என்று நினைக்கிறேன். கையால் தொட்டுப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் ஒரே காலில் புடைப்பு, அதே காலில் ஆறாத புண், அதே தொடையில் பழைய செல் காயம், அதற்குள் இரைச்சல், இவற்றோடு இளைப்பு என்றால் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான். காயம் பட்ட இடத்தில் நாடியும் நாளமும் ஒன்றோடொன்று ஒட்டித் துளைவிட்டு, இரத்தம் குறுக்கு வழியில் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் நரம்பு என்று எழுதியது நாளத்தை. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். தொடையின் உட்பக்கத்தில் இரண்டும் உரசிக்கொண்டுதான் ஓடுகின்றன. ஒரு சின்னத் துண்டு இரண்டின் சுவரையும் ஒரே நேரத்தில் கிழித்தால், வெளியே தோல் ஆறிவிடும், உள்ளே இரண்டு துளையும் ஒன்றாகப் பொருந்தி நிரந்தர வழியாகிவிடும். அன்றைக்குத் தைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் கட்டுப்போட்டு, கடற்கரையில் காத்திருந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றி வந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர் உங்கள் அம்மா. உயிரையும் காலையும் காப்பாற்றுவதுதான் அன்றைய வேலை. இந்தத் துளை அப்போது சின்னதாகவும் இருந்திருக்கும். வருடக்கணக்கில்தான் அது அகலும்.

இனி இளைப்புக்கு வருவோம். இரணைமடுக் குளத்தில் கதவு திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்காலால் வந்து, கிளை வாய்க்காலுக்குள் இறங்கி, வயலில் நின்று ஊறி, மிச்சம்தான் கழிவு வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் கட்டு ஓரிடத்தில் உடைந்து தண்ணீர் நேரே கழிவு வாய்க்காலுக்குள் விழுந்தால் என்ன நடக்கும்? கடைசி வயல்காரர் தண்ணீர் வரவில்லை என்று, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் போவார். கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்கள். உயர்த்திய தண்ணீரும் உடைப்பால்தான் போகும். உடம்பும் இதையேதான் செய்கிறது. நாடியில் அழுத்தம் 120 அளவு, படுத்திருக்கும்போது நாளத்தில் 10 அளவு. அதனால் இரத்தம் தசைக்குப் போகாமல் இலகுவான பக்கம் பாய்கிறது. தசையும் தோலும் 'காணாது' என்கின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. இதயம் வேகத்தைக் கூட்டுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு இறைக்க வேண்டிய இதயம் எட்டு, பத்து லீற்றர் இறைக்கிறது. சில வருடம் தாங்கும். பிறகு பெருத்துக் களைத்துவிடும். அப்போது நீர் நெஞ்சுக்குள் தேங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை மூன்றாகிறது.

எக்கோவில் 'பம்பிங் நல்லாயிருக்கு' என்று வந்ததும் இதனால்தான். பொய்யான அறிக்கை இல்லை. இதயம் சுருங்கும் வலு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும், தேவைக்கு மேலேயே வேலை செய்யும். பெரும்பாலான இதயச் செயலிழப்பில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் பழுது. இதில் மோட்டர் நல்லது, குழாய்தான் உடைவு. வலுவை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும். அறைகள் பெருத்திருக்கின்றனவா, நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்றும் பார்க்கும்படி கேளுங்கள். இதேமாதிரி இதயத்தை அளவுக்கு மீறி ஓடவைக்கும் வேறு காரணங்களும் உண்டு: கடுமையான இரத்தச்சோகை, தைரொயிட் கூடுதல், தயமின் என்ற விற்றமின் குறைவு. ஒரு இரத்தப் பரிசோதனையோடு அவற்றையும் பார்த்துவிடுவார்கள். ஆனால் அவை ஒரு காலை மட்டும் பிடிக்காது.

முட்டு என்று இன்ஹேலர் தந்த வைத்தியரிலும் கோபப்படாதீர்கள். நெஞ்சில் நீர் தேங்கும்போது வரும் இழுப்பு, ஆஸ்துமா இழுப்புப் போலவே கேட்கும். நானே இதில் பிந்தியிருக்கிறேன். இளம் வைத்தியராக ஒரு விடுதியில் வேலை செய்த காலத்தில் ஒருவர் மாதக்கணக்கில் இளைப்போடு வந்து போனார். நீர் போகும் மருந்து கொடுப்போம், சுகப்படுவார், திரும்ப வருவார். ஒருநாள் அவருடைய புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த மிஸி (தாதி) என்னைக் கூப்பிட்டு, "டொக்டர், இந்தக் கால் துடிக்குது, வந்து பாருங்கோ" என்றா. சாரத்தை விலத்திப் பார்த்தேன். தொடையில் ஐந்து சத அளவு தழும்பு. உள்ளங்கையை வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஒரு அதிர்வு. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நிற்காத இரைச்சல். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தேன். நிமிடத்துக்கு 104 ஆக இருந்த நாடித்துடிப்பு சில வினாடிகளில் 84க்கு இறங்கியது. விட்டதும் திரும்ப ஏறியது. ஒரு தழும்பை அழுத்தினால் இதயம் ஆறுதலாகிறது! அதுவரை எல்லோரும் அவருடைய நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த அடையாளம் புதிதல்ல. இரத்தம் குத்தி எடுக்கும் வைத்தியம் நடந்த காலத்தில், முழங்கை மடிப்பில் கத்தி நாளத்தைத் தாண்டி நாடியிலும் பட்டவர்களில் இப்படி இரைச்சல் வருவதை லண்டனில் வில்லியம் ஹன்ரர் என்ற வைத்தியர் 1757இல் எழுதிவைத்தார். அழுத்தினால் நாடித்துடிப்பு இறங்குவதை 1875இல் நிக்கொலடோனியும், துப்பாக்கிக் காயம் பட்ட ஒருவரின் தொடையில் 1890இல் பிரான்ஹமும் கண்டார்கள். இன்றும் அவர்கள் இருவருடைய பெயரால்தான் அந்த அடையாளத்தைச் சொல்கிறோம். சண்டை நடந்த நாடுகளின் வைத்தியர்களுக்கு இது தெரிந்த வருத்தம். மற்ற இடங்களில் அபூர்வம் என்பார்கள். வன்னியில் எத்தனை உடம்புக்குள் 'பீஸ்' (செல் துண்டு) இருக்கிறது என்று நினைத்தால், அபூர்வம் என்ற சொல்லை நான் இங்கே பாவிக்க விரும்பவில்லை.

நல்ல வேலைக்காகவும் இதே துளையைச் செய்கிறோம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களைத் தெரிந்திருப்பீர்கள். அவர்களுடைய மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் வேண்டுமென்றே இணைத்துவிடுவார்கள், 1966இலிருந்து உலகம் முழுக்க உள்ள முறை. அப்படி ஒருவர் அயலில் இருந்தால், அவருடைய விருப்பத்தோடு அந்த இடத்தில் மெதுவாகக் கையை வைத்துப் பாருங்கள். பிறகு அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, தழும்பின்மேல் உள்ளங்கையை மெல்ல வையுங்கள். அதே அதிர்வு இருந்தால் உங்களுக்கே விளங்கிவிடும். அதிர்வு தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், ஆழத்தில் இருந்தால் கைக்குத் தெரியாது. அழுத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். எண்ணெய் போட்டு உருவுவது, சுடுதண்ணி ஒத்தடம், இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். தழும்பு வீங்கிக் கட்டிபோல வந்தால் சீழ் என்று எண்ணி எவரையும் கத்தி வைக்க விடாதீர்கள். அது நாடியின் வீக்கமாக இருந்தால் வெட்டிய இடத்திலேயே உயிர் போகக்கூடும்.

புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலோ மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரியிலோ பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போங்கள். 'இளைப்பு' என்று தொடங்காமல், 'அம்மாவுக்குத் தொடையில் செல் காயம், அதற்குள் இரையுது, ஒருக்கால் தொட்டுப் பாருங்கோ' என்று தொடங்குங்கள். டொப்ளர் ஸ்கான் என்பது வலியில்லாத சோதனை, துளை இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரியும். பிறகு இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே மருந்து ஏற்றி சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். அந்த மருந்து பழுதான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையை இரத்தத்தில் பார்க்க வேண்டும், நம்முடைய பக்கம் இதைத் தவறவிடவே கூடாது. இன்ஹேலரையும் மற்ற மருந்துகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்ஹேலர் அடித்ததும் நெஞ்சு படபடத்தால் அதைச் சொல்லுங்கள்.

கடிதத்தில் எழுதாத ஒன்றையும் நான் கேட்க வேண்டும். அம்மா அந்தத் தழும்பை எந்த வைத்தியருக்காவது காட்டினாவா? காட்டியிருக்கமாட்டா என்றுதான் படுகிறது. தொடையின் உட்பக்கம், பெண், நிறைந்த கிளினிக், ஒரு திரைகூட ஒழுங்காக இல்லாத இடம். அதைவிட, காயத்தைச் சொன்னால் 'எங்கே பட்டது, எப்படிப் பட்டது, அப்போது என்ன செய்தீர்கள்' என்று கேள்வி வரும் என்ற பயம் எங்கள் சனத்திடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியருக்குத் தேவை காயம் எங்கே, எந்த வருடம், உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம், நீங்களும் கூட நிற்கலாம். திருகோணமலையில் தந்த சிகிச்சைக் கடதாசி கையில் இல்லை என்று தயங்கவும் வேண்டாம். மெனிக் பாம் அகதி முகாமில் மழையில் எத்தனை பேருடைய கடதாசிகள் போயின என்று எங்களுக்குத் தெரியும். தழும்பே போதும்.

துண்டை எடுத்தால் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். வருத்தம் துண்டில் இல்லை, துளையில். துளையை மூடினால் துண்டு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மூடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, வெட்டித் திறந்து நாடியையும் நாளத்தையும் பிரித்துத் தைப்பது. பழைய துளைகளில் சுற்றியுள்ள நாளங்கள் எல்லாம் பெருத்திருப்பதால் இரத்தம் கூடுதலாகப் போகும், அதனால் கைதேர்ந்தவர்தான் செய்ய வேண்டும். மற்றது, நாடிக்குள்ளால் மெல்லிய குழாயை அனுப்பி, துணிபோல் மூடிய ஸ்டென்ட் ஒன்றைத் துளைக்கு நேரே விரித்துவிடுவது. எல்லா இடத்திலும், எல்லா அளவிலும் அது பொருந்தாது. எது ஏற்றது என்பதை ஸ்கானைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்லுவார். முதலில் சில நாள் மருந்தால் நெஞ்சிலுள்ள நீரைக் குறைப்பார்கள். துளை மூடியபின் இளைப்பு குறைவதை நோயாளிகள் சில நாட்களிலேயே உணர்வதுண்டு. பெருத்த இதயம் சுருங்க மாதங்கள் எடுக்கும், நெடுங்காலம் விட்டிருந்தால் முழுதாகப் பழைய அளவுக்கு வராமலும் போகலாம். கணுக்கால் புண் அதன்பிறகுதான் ஆறத் தொடங்கும். இத்தனை நாள் நாளத்துக்குள் நாடியின் அழுத்தம் இருந்தபோது எந்த மருந்தைக் கட்டினாலும் அது எப்படி ஆறும்?

கிளினிக் திகதி வரும்வரை உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். தலைமாட்டை உயர்த்திப் படுக்கட்டும். படுக்கவே முடியாத மூச்சுத்திணறல் வந்தாலோ, இருமலில் நுரையோ இரத்தமோ வந்தாலோ, காலில் புடைத்த நாளம் வெடித்தாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நாளம் வெடித்தால் அம்மாவைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். இந்த வழியில் கிருமி தொற்றி இதய வால்வுவரை போகக்கூடும்.

இன்னொன்று. யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே செல் துண்டு இருக்கிறது என்பதை அறைக்குள் போகுமுன்பே சொல்லிவிடுங்கள். அது பெரிய காந்தம், நாடிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புத் துண்டை அசைத்துவிடலாம். அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் 'வலது தொடையில் உலோகத் துண்டு, 2009' என்று இன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.