‘போல’ வரவில்லை என்றால் உருவகமா?

கேள்வி: என் மகள் படிவம் 5. மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியமும் எடுக்கிறாள். ‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். பயிற்சித்தாளில் ‘கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று’ என்பதை உருவகம் என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் மகளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது, அம்மா. உவமைக்கு உருபு, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொல், உண்டு என்பது சரிதான். ஆனால் ‘போல’ மட்டுமே உருபு இல்லை. புரைய, ஒப்ப, மான, கடுப்ப, நிகர, அன்ன என்று நன்னூல் ஒரு வரிசையே சொல்லி, ‘பிறவும்’ என்று முடிக்கிறது. இனிய சொல் இருக்கும்போது கடுஞ்சொல் பேசுவதைப் பற்றிய இந்தக் குறளின் கடைசியில் நிற்கும் ‘அற்று’ என்பதற்கு ‘அதைப் போன்றது’ என்று பொருள். ஆகவே இது உவமை.

உருபைத் தேடும் முன்னால் மகளை வேறொன்று கேட்கச் சொல்லுங்கள்: எதை எதோடு ஒப்பிடுகிறார், இரண்டும் எதில் ஒத்துப்போகின்றன? இனிய சொல் கனி, கடுஞ்சொல் காய். அதோடு நிறுத்திவிடக் கூடாது. ‘இருப்ப’ என்ற சொல்லைப் பாருங்கள். பழுத்த பழம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒருவன் காயைப் பறிக்கிறான். ஒப்புமை அந்தச் செயலில்தான் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்று உவமை பிறக்கும் இடங்கள் நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. மெய் வடிவம், உரு நிறம். பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டை மட்டும் தேடுகிறார்கள். வினையில் ஒத்துப்போகும் உவமை வந்தால் தடுமாறுகிறார்கள்.

சரி, உருவகம்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ‘கூட்டம் கடல் போல இருந்தது’ என்றால் உவமை. கூட்டம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ‘மக்கள் கடலில் நீந்திப் படியேறினோம்’ என்றால் உருவகம். மக்களே கடலாகிவிட்டார்கள், அதனால்தான் ‘நீந்தி’ என்ற வினை அங்கே வந்து உட்கார்ந்தது. இந்த வினைதான் நல்ல அடையாளம். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளிலும் அதே வினை இருக்கிறது. அங்கே பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. பாதியை உருவகித்துப் பாதியை விட்டதால் அதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர்.

இரண்டு சொல் சேர்ந்து வந்தால் விரித்துப் பார்க்கட்டும். மலர்முகம் என்பது மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்பது முகமாகிய மலர், உருவகம். ‘போன்ற’ பொருந்துகிறதா, ‘ஆகிய’ பொருந்துகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தேர்வில் அதிகம் ஏமாற்றுவது எடுத்துக்காட்டு உவமை. முதல் குறளையே எடுங்கள். எழுத்துகள் அகரத்தை முதலாகக் கொண்டவை, உலகம் ஆதிபகவனை முதலாகக் கொண்டது. இரண்டு முழு வாக்கியங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இடையில் உருபு இல்லை. எழுத்து உலகமாக மாறிவிடவும் இல்லை. ஆகவே உருவகம் என்று எழுதக் கூடாது.

பிறிது மொழிதல் இன்னும் ஒரு படி போகிறது. மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். எளிய பகைவர் பலர் சேர்ந்தால் வலியவனும் வீழ்வான் என்பதுதான் அவர் சொல்லவந்தது. அதைப் பற்றிக் குறளில் ஒரு சொல்கூட இல்லை.

தற்குறிப்பேற்றத்தை அதன் பெயரே விளக்கிவிடும். இயல்பாக நடப்பதில் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். காற்றில் ஆடிய மதுரைக் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டியதாகச் சிலப்பதிகாரம் சொல்வது அப்படித்தான்.

இந்த வாரம் ஐந்து குறள்களை எடுத்துக்கொண்டு பொருள் (எதை ஒப்பிடுகிறார்), உவமை (எதோடு ஒப்பிடுகிறார்), பொதுத்தன்மை, உருபு என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பட்டும். காலியாகும் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பச் சொல்லாதீர்கள். நான்கும் நிரம்பினால் உவமை. உருபு மட்டும் இல்லையென்றால், இரண்டும் ஒன்றாகிவிட்டனவா, தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்க்கட்டும். பொருளே இல்லையென்றால் பிறிது மொழிதல்.