வாசகர் கேட்டவை: ஜப்பான் காலத்து வகுப்புத் தோழர்கள்

கேள்வி: என் தாத்தா 1929இல் பிறந்தவர், ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். “ஜப்பான்காரன் காலத்துல நாலு வருஷமும் நாங்க ஒரே கிளாஸ்” என்பார். அப்போது உயர்நிலை வகுப்புகள் நடந்தனவா? அவருடைய வகுப்பைப் பற்றிக் குடும்பத்துக்காக ஒரு சிறு புத்தகம் போட ஆசை. எங்கே தொடங்குவது? (வாசகர், ஈசூன்)

பதில்: தாத்தா பொய் சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே அச்சில் ஏற்றினால் வரலாறு இடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1942 ஜனவரியில் ஆறாம் ஸ்டாண்டர்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய பையன், போர் இல்லையென்றால் 1945 கடைசியில் ஒன்பதாம் ஸ்டாண்டர்ட் முடித்து, பள்ளியிறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதியிருப்பான். அந்த நான்கு ஆண்டுகள்தான் போனது. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் சிங்கப்பூரில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். ஏப்ரல் வாக்கில் சில பள்ளிகள் மறுபடி திறந்தன. பெரும்பாலும் தொடக்கநிலைதான். ஜப்பானிய மொழி, பாட்டு, உடற்பயிற்சி, தோட்ட வேலை என்று பொழுது ஓடியது. பழைய ஆங்கில உயர்நிலைக் கல்வி போர் முடியும் வரை திரும்பவில்லை. ஆகவே தாத்தா சொல்லும் ‘கிளாஸ்’ ஒரு கூட்டாளிகள் கூட்டம். ஒரே கம்பத்தில் (கிராமத்தில்) இருந்திருப்பார்கள், ரேஷன் வரிசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்திருப்பார்கள்.

அதனால் வகுப்பின் கதையாக எழுத வேண்டாம், ஆள் ஆளாக எழுதுங்கள். ஓர் ஏ3 தாளை எடுத்து இடப்பக்கம் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே ஐந்து கட்டங்கள்: 1941 கடைசி வரை, 1942 பிப்ரவரி முதல் 1943 ஜூன் வரை, 1943 ஜூலை முதல் 1944 முடிய, 1945, பிறகு 1946. நடுவில் 1943 ஜூலையில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. ஜூலை 2 அன்று நேதாஜி சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் அவருடைய பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. நம் குடும்பங்களின் கதை அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் ஓடும். யூரேசிய, கத்தோலிக்கத் தோழர் யாராவது 1943 கடைசிக்குப் பிறகு காணாமல் போயிருந்தால், ஜப்பானியர் விவசாயத்துக்கென்று ஆட்களை அனுப்பிய நெகிரி செம்பிலான் பாஹாவ் குடியேற்றத்துக்குப் போனார்களா என்று கேளுங்கள். சீனத் தோழர் என்றால் அதே மாதிரி ஜொகூரின் எண்டாவ் குடியேற்றம். சீனத் தோழரின் அண்ணன்மார், ஆசிரியர்கள் பற்றியும் கேளுங்கள். 1942 பிப்ரவரி, மார்ச்சில் ஜப்பான் எதிர்ப்பாளர்கள் என்று பொறுக்கியெடுத்துக் கொன்ற ‘சூக் சிங்’ நடவடிக்கையில் 18 முதல் 50 வயது வரையிலான சீன ஆண்களைத்தான் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள்.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். பக்கத்திலேயே சொன்னவர் பெயரின் முதலெழுத்தைப் போடுங்கள். தெரியாத கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஊகித்து நிரப்பியதுதான் பிற்பாடு உண்மையாகிப் பேரன் வாயில் வரும்.

1946 கட்டத்தை மட்டும் அவசரமாகத் தாண்டாதீர்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பன்னிரண்டு வயதுக்காரர்களோடு உட்கார்ந்ததும், சிலர் ‘டபுள் புரமோஷன்’ வாங்கித் தாவியதும், சிலர் புத்தகத்தைத் தொடாமல் நேரே வேலைக்குப் போனதும் அங்கேதான் இருக்கிறது. வகுப்பு உண்மையில் உடைந்த இடம் அது.

கேள்வி: பெரியப்பாவின் பழைய தாள் ஒன்றில் ‘ஜாலான் புசார் ஆண்கள் பள்ளி’ என்று இருக்கிறது. அப்படி ஒரு பள்ளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. (வாசகி, பிடோக்)

பதில்: விக்டோரியா பள்ளிதான் அது. ஜப்பானியர் ஆங்கிலப் பெயர்களை எடுத்துவிட்டுத் தெருப் பெயரை வைத்தார்கள். செயின்ட் ஜோசப்ஸும் அப்படித்தான் பிராஸ் பசா பள்ளி ஆனது. பெயர் பிடிபடாவிட்டால் அந்தத் தெருவில் போருக்கு முன் எந்தப் பள்ளி இருந்தது என்று பாருங்கள்.

தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் தேடும்போது ‘சியோனான்’ (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்) என்பதை எஸ்சுக்கு அடுத்து ஒய் போட்டுத் தட்டுங்கள், எச் போட்டால் அகப்படாது. 1942 பிப்ரவரி 20 முதல் வந்த சியோனான் டைம்ஸ் நாளிதழும் அதன் தொடர்ச்சியும் அதில் உண்டு. தமிழ் முரசு போர்க்காலத்தில் வரவில்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1945 செப்டம்பர் 7 அன்று திரும்ப வந்தது. நம் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். கோவிந்தசாமியின் கடைசி எழுத்து ஒரு தாளில் ஒய், இன்னொன்றில் ஐ. அப்பா பெயர் முன்னே வந்திருக்கும், அல்லது வெறும் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும்.

கேள்வி: வகுப்புப் படம் ஒன்று சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் ‘18.4.29’ என்று முத்திரை. 1929 ஏப்ரல் 18 எடுத்ததா? (வாசகர், தோ பாயோ)

பதில்: இல்லை. ஜப்பானிய வரிசையில் ஆண்டு, மாதம், நாள் என்று வாசிக்க வேண்டும். 18 என்பது ஷோவா ஆண்டு, அதாவது அப்போதைய ஜப்பானியச் சக்கரவர்த்தியின் ஆட்சி ஆண்டு. அதோடு 1925ஐக் கூட்டினால் 1943. ஏப்ரல் 29 சக்கரவர்த்தியின் பிறந்தநாள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொண்டாடிய நாள். படம் எடுத்த காரணமும் அதிலேயே கிடைக்கக்கூடும். வேறு தாள்களில் 2602, 2603 போன்ற எண்கள் இருந்தால், அவை இன்னொரு ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, 660ஐக் கழியுங்கள். 2603 என்றாலும் 1943தான்.

கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டாம். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்தில் ஒரு முகம் சுமார் 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். 600 டிபிஐயில் அது 118 புள்ளி, அடையாளம் காணப் போதாது. 1200 வையுங்கள், 236 கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் பழுப்புக் கறையைப் பிறகு பிரித்தெடுப்பது எளிது. மூலத்தை டிஃப் கோப்பாக வைத்து, வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒரு ஜேபெக் போடுங்கள்.

பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணி, டிஷ்யூ எதுவும் வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து வரும். லேமினேட் கூடவே கூடாது, பாச்சை உருண்டையும் வேண்டாம். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் இருந்தால் போதும். பெயர்களைப் படத்தின் மேல் எழுதாமல், நகலின் மேல் டிரேசிங் தாள் வைத்துத் தலைகளை வரைந்து எண் போடுங்கள்.

கேள்வி: 90 வயதைத் தாண்டியவரிடம் பேச்சைப் பதிவு செய்ய என்ன முறை? மணி நேரத்தையெல்லாம் குழப்பிச் சொல்கிறார். (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: குழப்பம் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். ஜப்பானியர் இங்கே தோக்கியோ நேரத்தை வைத்தார்கள், கடிகாரம் ஒன்றரை மணி முன்னே போனது. இன்றைய கணக்கில் ஏழு மணியையொட்டி விடியும் ஊரில், அந்தக் கடிகாரப்படி எட்டு மணிக்குத்தான் விடியும். “இருட்டுல பள்ளிக்கூடம் போனோம்” என்றால் நம்பலாம்.

பதிவுக்கு முற்பகல் நல்லது. ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் கோப்பை வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். முதல் ஒரு நிமிடத்தைக் காதில் மாட்டிக் கேட்ட பிறகே தொடருங்கள்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “கஷ்டந்தான்” என்பதோடு முடியும். “பக்கத்துல யாரு உக்காந்தா? சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோனீங்க? மரவள்ளிக்கிழங்கு எங்க நட்டீங்க?” என்று கேளுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துக் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்துகளை எழுதச் சொல்லிப் பாருங்கள். அ, இ, உ, எ, ஒ என்ற வரிசை நம் காதுக்கு ஒட்டும் என்பதாலோ என்னவோ, பல பெரியவர்கள் கையை எடுக்காமல் எழுதுவார்கள். கை ஓடும்போது வாய் தானாகத் திறக்கும், ஆசிரியர் பெயரும் அடி வாங்கியவன் பெயரும் வரிசையாக வரும். தேதி தப்பினால் நடுவில் திருத்தாதீர்கள், தாளில் குறித்துக்கொண்டு கடைசியில் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானிய ஆதிக்கக் காலம் பற்றிய நேர்காணல்கள் இருக்கின்றன. இரண்டொன்றை முன்கூட்டிக் கேட்டுப் பார்த்தால் கேள்வியின் பதம் பிடிபடும்.

கேள்வி: மங்கிய முகங்களைச் செயலியில் போட்டு வண்ணமும் தெளிவும் ஏற்றலாமா? (வாசகர், செங்காங்)

பதில்: சுவரில் மாட்ட ஏற்றிக்கொள்ளுங்கள். பெயர் கண்டுபிடிக்கும் படத்தில் வேண்டாம். செயலி இல்லாத கண்ணையும் மூக்கையும் தானாக வரைந்து வைக்கும். அதைப் பெரியவரிடம் காட்டினால் “இது யாரு, தெரியலியே” என்றுதான் சொல்வார்.