எட்டு மணி நடனத்துக்கு நான்கு மணிக்கே ஏன் கிளம்புகிறாள்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் புறநகர் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வசிக்கிறோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு 15 வயது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவளுடைய பள்ளியில் ஹோம்கமிங் நடனம், அதாவது பழைய மாணவர்களை வரவேற்கும் ஆண்டு விழாவையொட்டிய நடனம். டிக்கெட்டில் இரவு 8 முதல் 11 வரை என்று இருக்கிறது. அவளோ மாலை 4 மணிக்குக் கிளம்பி இரவு 1 மணிக்குத் திரும்புவேன் என்கிறாள். அவள் தோழியின் அண்ணன், ஜூன் மாதம் லைசென்ஸ் எடுத்த 16 வயதுப் பையன், தன் தங்கையையும் மற்ற மூன்று பெண்களையும் காரில் கூட்டிப் போவானாம். அது முடியாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து லிமோசின் எடுப்பார்களாம். ஒன்பதரைக்கே போய் அழைத்து வந்துவிடுவேன் என்கிறார் என் கணவர். இதில் எந்த நேரத்தை நம்புவது?

பதில்: உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, டிக்கெட்டும் பொய் சொல்லவில்லை. டிக்கெட்டில் உள்ள மூன்று மணி நேரம் பள்ளியின் பொறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் மகள் சொல்லும் ஆறு மணி நேரம் பிள்ளைகள் தாங்களே வகுத்துக்கொண்ட திட்டம். அதற்குப் பள்ளி பொறுப்பேற்காது. டெக்சஸ் அரசுப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் மாணவர் ஆலோசகராக இருந்து, இத்தகைய இரவுகளில் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் கைப்பைகளைச் சோதித்துக்கொண்டு நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், பெற்றோர்களின் குழப்பம் பெரும்பாலும் இந்த ஆறு மணி நேரத்தைப் பற்றியதுதான்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நடனங்களின் நேரம் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் அதிகம் விலகுவதில்லை. இலையுதிர் காலத்தில் வரும் ஹோம்கமிங் நடனம் இரவு 7 அல்லது 8 மணிக்குத் தொடங்கி 10 அல்லது 11 மணிக்கு முடியும். நடுநிலைப் பள்ளியில் நடப்பது இன்னும் முன்னதாக, மாலை 6 மணிவாக்கில் தொடங்கி எட்டரைக்குள் கலைந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு நடக்கும் ப்ராம் மட்டும் பல பள்ளிகளில் ஓட்டல் மண்டபத்துக்குப் போய்விடுவதால் 11 மணியையோ நள்ளிரவையோ தொடும். பள்ளியிலேயே நடந்தால், பாட்டுப் போடுபவருக்கும், மணிக்கணக்கில் கூலி வாங்கும் காவலர்களுக்கும், கூடத்தைப் பெருக்கக் காத்திருக்கும் ஊழியர்களுக்கும் அதற்கு மேல் பணம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே 11 என்றால் 11தான், விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

நான்கு மணிக்குக் கிளம்புவது எதற்கு என்றால், புகைப்படத்துக்காக. அக்டோபர் நடுவில் டல்லாஸில் ஏழு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும்; நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும் என்று ஐந்து மணிக்கு ஏதோ ஒரு பூங்காவிலோ ஒரு பிள்ளையின் வீட்டுத் தோட்டத்திலோ கூடுவார்கள். ஆறு அல்லது ஆறரைக்கு உணவகம். அன்று அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றிலும் இதே விழா இருந்தால் உணவகத்தில் மேசை கிடைப்பதே பெரும்பாடு, உணவு வருவது அதைவிடப் பெரும்பாடு. இதையெல்லாம் முடித்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்குள் நுழையும்போது மணி எட்டே முக்கால் ஆகியிருக்கும். எட்டு மணிக்குச் சரியாகப் போய் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் முக்கால் மணி நேரம் அவர்கள் சுவரோரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

டிக்கெட்டில் தெரியாத நேரங்கள் இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியவை அவைதான். ஒன்று, உள்ளே நுழைவதற்கான கடைசி நேரம். நடனம் தொடங்கி ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆன பிறகு கதவை அடைத்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். வெளியே போனவர்கள் திரும்ப உள்ளே வரவும் முடியாது. மற்றொன்று, வெளியேறுவதற்கான முதல் நேரம். அந்த நேரத்துக்கு முன் பிள்ளையை அனுப்ப வேண்டுமானால் பெற்றோர் நேரில் வரவேண்டும் அல்லது தொலைபேசியில் சொல்லவேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். இவ்விரண்டையும் டிக்கெட்டிலேயே இரண்டு வரியில் அச்சிட்டுவிடலாம். ஆனால் தொடக்க நேரம் டிக்கெட்டில் இருக்கும், கடைசி நுழைவு நேரம் ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், வெளியேறும் விதி மூன்று வாரங்களுக்கு முன் வந்த மின்னஞ்சலின் இணைப்பில் இருக்கும், அந்த மின்னஞ்சலோ மாணவரின் பள்ளிக் கணக்குக்கு மட்டும் போயிருக்கும். ஆண்டுதோறும் கூட்டத்தில் இதைச் சொன்னேன், ஆண்டுதோறும் குறித்துக்கொண்டார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து காத்திருக்காதீர்கள். மாணவர் பேரவையைக் கவனிக்கும் ஆசிரியருக்கு நேராக மின்னஞ்சல் எழுதி, கடைசி நுழைவு எப்போது, பெற்றோர் இல்லாமல் வெளியேறுவது எப்போதிலிருந்து என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள்.

உங்கள் கணவரின் ஒன்பதரை மணிக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவராது. ஒன்பதிலிருந்து பத்தேகால் வரைதான் கூட்டம் சூடு பிடித்திருக்கும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு அப்பாவோடு வெளியே போகும் பெண் திங்கட்கிழமை பள்ளிக்கு வரத் தயங்குவாள். பத்தரைக்குப் பிறகு பிள்ளைகள் தாமாகவே கிளம்பத் தொடங்குவார்கள், யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள். அவர் 10:40க்கு வாகன நிறுத்தத்தின் கோடியில் வந்து நிற்கட்டும், கதவருகே வேண்டாம். சரியாக 11 மணிக்கு வந்தால் கார் வரிசையில் அரை மணி நேரம் நகராமல் இருக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த 16 வயதுப் பையன். டெக்சஸ் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் லைசென்ஸ் பெற்ற முதல் ஆண்டில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை வண்டி ஓட்டக்கூடாது. இதற்கு விலக்கு உண்டு: வேலை, மருத்துவ அவசரம், பள்ளி தொடர்பான நிகழ்ச்சி. "பள்ளி நடனமும் பள்ளி நிகழ்ச்சிதானே, ஆகவே ஒரு மணி வரை ஓட்டலாம்" என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், பெற்றோரும் தலையாட்டுவார்கள். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். நடனம் 11 மணிக்கு முடிகிறது. அங்கிருந்து நேராக வீட்டுக்கு வருவது பள்ளி நிகழ்ச்சியின் பகுதி என்று வாதிடலாம், ஆனால் அதற்கு நள்ளிரவு வரை நேரம் இருப்பதால் விலக்கே தேவைப்படாது. 11 மணிக்குப் பிறகு வாட்டாபர்கர் கடைக்குப் போவதும், அங்கிருந்து நண்பர் வீட்டு விருந்துக்குப் போவதும் பள்ளி நிகழ்ச்சி ஆகாது. அந்த விருந்துக்கு வருபவர்கள் அனைவரும் அதே பள்ளி மாணவர்களாக இருந்தாலும் ஆகாது. பள்ளியின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனாலும் ஆகாது. ஆக, விலக்கு எங்கே பொருந்துகிறதோ அங்கே அது வேண்டியதில்லை. எங்கே வேண்டுமோ அங்கே பொருந்துவதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதே சட்டம், 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட, குடும்பத்தைச் சேராத ஒரே ஒருவரைத்தான் அந்தப் பையன் ஏற்றிச் செல்லலாம் என்கிறது. தங்கை கணக்கில் வரமாட்டாள். மற்ற மூன்று பெண்களில் இருவர் அதிகம். பள்ளி நிகழ்ச்சி என்ற விலக்கு நேரத்துக்கு மட்டுமே உரியது, ஆள் கணக்குக்கு அல்ல. எனவே மாலை நான்கு மணிக்குப் பட்டப்பகலில் கிளம்பினாலும் அந்தப் பயணம் சட்டத்துக்குப் புறம்பானதுதான். நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் உறவினரிடம் கேட்டால் பதினொரு மணிதான் எல்லை என்பார்கள். அது அவர்கள் மாநிலத்துச் சட்டம், உங்களுக்குப் பொருந்தாது. ஊர்க் காவல்துறையின் சிறார் ஊரடங்கு என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் ஒதுக்குங்கள்: 2023 செப்டம்பர் முதல் டெக்சஸ் நகரங்கள் அப்படி விதிக்கவே முடியாது.

லிமோசின் விஷயத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். இணையத்தில் "ஹோம்கமிங் பேக்கேஜ், எட்டு மணி நேரம்" என்று விளம்பரம் செய்பவர்களில் பலரிடம் சொந்தமாக ஒரு வண்டியும் இருக்காது. அவர்கள் தரகர்கள். உங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அன்று யாருடைய வண்டி சும்மா நிற்கிறதோ அவருக்குக் கைமாற்றிவிடுவார்கள். ஒரே வண்டி இரண்டு கூட்டங்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டு, முதல் கூட்டம் உணவகத்தில் தாமதிக்க, இரண்டாம் கூட்டம் கடைசி நுழைவு நேரம் தாண்டி வந்து பூட்டிய கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தத் தரகர் அன்றிரவு தொலைபேசியை எடுக்கவே இல்லை. மேலும் அந்த எட்டு மணி நேரக் கணக்கைப் பாருங்கள். வண்டி கொட்டகையிலிருந்து புறப்படும்போதே மணி ஓடத் தொடங்குவதாகச் சில ஒப்பந்தங்களில் இருக்கும், உள்ளே நடனம் நடக்கும் நேரமெல்லாம் வண்டி வெளியே நிற்பதற்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள், நள்ளிரவைத் தாண்டினால் ஒவ்வொரு அரை மணிக்கும் தனிக் கட்டணம். முன்பணத்துக்கு முன் இரண்டு பதில்களை எழுத்தில் வாங்குங்கள்: வண்டி எந்த நிறுவனத்துக்குச் சொந்தம், கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறைப் பதிவு எண் இருந்தால் அது என்ன. எண்ணை அரசு இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சொல்லத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். 2018 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரியில் நீட்டிக்கப்பட்ட லிமோசின் ஒன்று விபத்துக்குள்ளாகி 20 பேர் இறந்தார்கள். அந்த வண்டி அதற்கு முந்தைய மாதமே அரசுச் சோதனையில் தேறாமல் போயிருந்தது. பிறந்தநாள் கொண்டாடப் போன பெரியவர்கள் ஏறிய வண்டி அது.

இரண்டு பெற்றோர் ஆளுக்கொரு நடை ஓட்டினால் இந்தச் செலவே வேண்டாம். மாலை நடையை ஒருவரும் இரவு நடையை மற்றொருவரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நான்கு பெண்களுக்கு ஏழு இருக்கை வண்டி ஒன்று போதும். ஊபரை நம்பவேண்டாம்: சாதாரணக் கணக்கில் 18 வயது நிறையாதவர் தனியே போக அனுமதி இல்லை.

கடைசியாக, இரவு 1 மணி. இது நடனத்தின் நேரமே அல்ல, அதற்குப் பிந்தைய விருந்தின் நேரம். அதைப் பள்ளி நடத்துவதில்லை. யார் வீட்டில் என்று கேட்டு, அந்த வீட்டுத் தாயிடமோ தந்தையிடமோ நீங்களே பேசுங்கள். "அவங்க அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், அழைத்து வர நீங்கள் போவீர்கள் என்பது உறுதியானால் பன்னிரண்டு, பன்னிரண்டரை வரை விடுவதில் தவறில்லை என்பது என் கருத்து. 15 வயதுக்கு ஒரு மணி அதிகம். அதை அவளிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை மாலை கூந்தலுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள்.

பூ என்றதும் நினைவுக்கு வருகிறது. டெக்சஸில் ஹோம்கமிங்குக்கு மம் என்று ஒன்று வாங்கச் சொல்வார்கள்: பெரிய செவ்வந்திப் பூவும் அதிலிருந்து முழங்கால் வரை தொங்கும் ரிப்பன்களும் மணிகளுமாக இருக்கும். அது பெரும்பாலான பள்ளிகளில் வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் அன்றிரவு அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கும் அணிவது. சனிக்கிழமை நடனத்துக்கு வேண்டும் என்று சொல்லி அவசரக் கட்டணம் கேட்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். டிக்கெட்டையும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை மதியத்தோடு விற்பனை முடிந்துவிடும், வாசலில் கிடைக்காது.